குறைந்த விலை போட்டும் டெண்டர் கை நழுவுவது ஏன்?

கொழும்பு பழைய சோனகத் தெருவில் நாற்பது வருடங்களுக்கு மேலாக இரும்பு, குழாய், தகரம் வியாபாரம் செய்துவரும் ஹாஜியார் ஒருவர் எனக்கு நெடுநாள் பழக்கம். அவர் பிரதேச சபை ஒன்றுக்குக் குடிநீர்க் குழாய்கள் வழங்குவதற்கு விலைமனுக் கொடுத்திருந்தார். விலைமனுக்கள் திறக்கப்படும் நாளில் மகனை அனுப்பிவைத்தார். நான்கு பேர் போட்டியிட்டிருந்தார்கள். விலைகள் சத்தமாக வாசிக்கப்பட்டன. ஹாஜியாருடையது 18 இலட்சத்து 40 ஆயிரம். அடுத்தவருடையது 19 இலட்சத்து 10 ஆயிரம். மற்ற இரண்டும் 20 இலட்சத்தைத் தாண்டியிருந்தன. மகன் வெளியே வந்த கையோடு தொலைபேசியில், "வாப்பா, எங்களுக்குத்தான்" என்று சொல்லிவிட்டான். ஹாஜியாரும் குழாய்க் கம்பனிக்கு முற்பணம் கட்டிவிட்டார்.

ஆறு வாரங்கள் கழித்து டெண்டர் 19 இலட்சத்து 10 ஆயிரம்காரருக்குப் போயிற்று.

"நாங்கதான் ஆகக் குறஞ்ச வெல தம்பி. எங்களுக்குத் தரல்ல. பேரைப் பார்த்துத்தான் வெட்டி ஈக்கிறாங்க" என்றார் ஹாஜியார். கடையில் இருந்த இன்னும் இரண்டு பேர் ஆமா போட்டார்கள். 2018 மார்ச்சில் திகனையில் நடந்ததையும், 2019 இல் ஈஸ்டர் தாக்குதலுக்குப் பிறகு நம்மவர் கடைகளுக்கு எதிராக நடந்த புறக்கணிப்பையும் கண்ட வியாபாரி ஒருவர் அப்படி நினைப்பதில் வியப்பில்லை. ஆனால் சந்தேகப்படுவதற்கு முன் ஒரு கடிதம் எழுதிக் காரணம் கேட்போம் என்று நான் சொன்னேன். அந்தக் கடிதத்துக்கு வந்த பதிலைப் பிறகு சொல்கிறேன். முதலில், அரசாங்கம் எந்தக் கணக்கில் விலைமனுவைத் தெரிவு செய்கிறது என்பதைப் பார்ப்போம். நம்மில் பலர் வருடக்கணக்காக டெண்டர் போட்டும் இந்தக் கணக்கை அறியாமலேயே இருக்கிறார்கள்.

சந்தையில் நமக்குத் தெரிந்த போட்டி விலைப்போட்டி. அரசாங்கப் பெறுகையில் போட்டி அப்படி இல்லை. 2006 ஆம் ஆண்டின் பெறுகை வழிகாட்டல்களில் பொருட்களுக்கும் நிர்மாண வேலைகளுக்கும் வைக்கப்பட்ட அளவுகோல் 'ஆகக்குறைந்த விலை' அல்ல. நிபந்தனைகளுக்குக் கணிசமான அளவில் இணங்கிய விலைமனுக்களுள், மதிப்பீட்டின் பின்னர் ஆகக்குறைந்ததாக வருவது எதுவோ அதற்கே ஒப்பந்தம். இந்த வசனத்தில் இரண்டு கதவுகள் இருக்கின்றன. முதற் கதவு இணக்கம், இரண்டாவது மதிப்பீடு. திறப்பு நாளில் வாசிக்கப்படும் விலை இந்த இரண்டு கதவுக்கும் வெளியே நிற்கும் விலை. அதைக் கேட்டுவிட்டு வீட்டுக்குத் தொலைபேசி எடுப்பது அவசரம்.

சட்ட நிலை பற்றி ஒரு வார்த்தை. தேசிய பெறுகை ஆணைக்குழு 2015 இல் 19 ஆவது திருத்தத்தின் கீழ் உருவாக்கப்பட்டு, 2020 இல் 20 ஆவது திருத்தத்தால் நீக்கப்பட்டு, 2022 இல் 21 ஆவது திருத்தத்தால் மீண்டும் வந்தது. அந்த ஆணைக்குழு வெளியிட்ட புதிய வழிகாட்டல்கள் 2025 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்துள்ளன. எந்தக் குழு எவ்வளவு தொகை வரை தீர்மானிக்கலாம் என்பன போன்ற எல்லைகள் காலத்துக்குக் காலம் மாறுபவை. எனவே பழைய ஞாபகத்தில் செயற்பட வேண்டாம். மாறாத ஒன்று உண்டு. விலைமனுப் பத்திரத்தில் எந்த அளவுகோல் எழுதப்பட்டிருக்கிறதோ அதைக் கொண்டுதான் மதிப்பிட வேண்டும்; எழுதாததை இடையில் நுழைக்க முடியாது. நாம் காசு கட்டி வாங்கி, விலை எழுதும் பக்கத்தை மட்டும் புரட்டிப் பார்க்கும் அந்தப் பத்திரத்தில்தான் எல்லாம் இருக்கிறது.

வேலை நடக்கும் விதம் இதுதான். விலைமனு ஏற்கும் நேரம் முடிந்தவுடனேயே, வந்திருப்பவர்களின் முன்னிலையில் உறைகள் திறக்கப்படும். ஒரு நிமிடம் பிந்தினாலும் உறை திறக்கப்படாமலே திரும்பி வரும். பெயர், விலை, கழிவு, பிணை உண்டா இல்லையா என்பன வாசிக்கப்பட்டுக் குறிக்கப்படும். அதன்பின் உறைகள் தொழினுட்ப மதிப்பீட்டுக் குழுவிடம் போகும். அவர்கள் பரிசீலித்து அறிக்கை எழுதுவார்கள். பெறுகைக் குழு அதைப் பார்த்துத் தீர்மானிக்கும். தொகையின் அளவைப் பொறுத்து அந்தக் குழு திணைக்களத்திலோ அமைச்சிலோ இருக்கலாம், அல்லது அமைச்சரவை நியமித்த குழுவாகவும் இருக்கலாம். முன்பு டெண்டர் சபை என்று நமது மூத்தவர்கள் சொன்னதன் இன்றைய வடிவம்தான் இது.

முதற் கதவுக்கு வருவோம். நம்மவர்கள் அதிகமாகத் தடுக்கி விழும் இடம் இதுவே. விலைமனுப் படிவத்தில் கையொப்பம் இல்லை. வியாபாரப் பதிவுப் பத்திரத்தின் பிரதி இல்லை. உற்பத்தியாளரிடமிருந்து பெறவேண்டிய அதிகாரக் கடிதம் இல்லை, அல்லது சென்ற வருடக் கடிதத்தையே மீண்டும் வைத்திருக்கிறார்கள். குழாய்க்கு எஸ்.எல்.எஸ். 147 தரச் சான்று கேட்டிருக்க, 'தரமான குழாய்' என்று கடைக் கடிதத் தாளில் எழுதிக் கொடுக்கிறார்கள். கட்டட வேலையாயின் நிர்மாணக் கைத்தொழில் அபிவிருத்தி அதிகார சபையின் உரிய தரத்தில் பதிவு இல்லை. 50 இலட்சம் ரூபாவுக்கு மேற்பட்ட ஒப்பந்தமாயின், 1987 ஆம் ஆண்டின் 3 ஆம் இலக்க பகிரங்க ஒப்பந்தங்கள் சட்டத்தின்படி பதிவு செய்து பீ.சீ.ஏ. 3 என்ற சான்றிதழை வைக்க வேண்டும். கம்பனிப் பதிவாளர் அலுவலகத்தில் ஒரு நடை போய் வந்தால் முடிகின்ற வேலை இது. கடைசி நாளில் ஞாபகம் வந்து பயனில்லை.

எல்லாக் குறையும் ஒரே மாதிரியானதல்ல. சிறு குறையாயின் குழு எழுத்தில் விளக்கம் கேட்கலாம். தவறவிட்ட ஒரு பிரதியைக் கேட்டு வாங்கலாம். விலையையோ தரத்தையோ பொறுப்பையோ மாற்றும் பெருங்குறையாயின், அல்லது மற்றப் போட்டியாளருக்கு அநியாயமாகிவிடுமாயின், அந்த விலைமனு அங்கேயே நின்றுவிடும். எது சிறுகுறை, எது பெருங்குறை என்பதில் குழுவுக்குக் கொஞ்சம் கைப்பிடி இருக்கிறது என்பதை மறுப்பதற்கில்லை. வேண்டியவரின் பெருங்குறை சிறுத்துப் போவதும், வேண்டாதவரின் சிறுகுறை பெருத்துப் போவதும் இந்த நாட்டில் நடக்காத காரியமல்ல. அதனால்தான் கைப்பிடிக்கே இடம் வைக்காமல் ஆவணத்தைப் பூரணமாகக் கொடுக்கச் சொல்கிறேன்.

பிணை விடயத்தில் கைப்பிடி கிடையாது. விலைமனுப் பிணை கேட்கப்பட்ட தொகையில், கேட்கப்பட்ட படிவத்தில், கேட்கப்பட்ட காலத்துக்கு இருக்க வேண்டும். விலைமனு 90 நாளைக்குச் செல்லுபடியாக வேண்டும் என்றால், பிணை பெரும்பாலும் அதற்கு மேல் 28 நாள், அதாவது 118 நாளைக்கு இருக்க வேண்டும் என்று எழுதியிருப்பார்கள். ஒரு நாள் குறைந்தாலும் நிராகரிப்புத்தான்.

ஹாஜியாரின் கடிதத்துக்கு வந்த பதிலும் இதுதான். இரண்டே வரி. பிணை கோரப்பட்டது 118 நாளைக்கு. தங்களால் சமர்ப்பிக்கப்பட்டது 90 நாளைக்கு. வங்கியில் இருந்தவர் முன்னைய உத்தரவாதம் ஒன்றைப் பார்த்து அப்படியே அடித்திருக்கிறார். மகன் தொகையைச் சரிபார்த்தான், திகதியைப் பார்க்கவில்லை. 70 ஆயிரம் ரூபா வித்தியாசத்தில் வென்ற டெண்டர் 28 நாள் வித்தியாசத்தில் போய்விட்டது. ஹாஜியார் கடிதத்தை இரண்டு முறை வாசித்தார். பிறகு மகனைக் கூப்பிட்டு, "இனி பேங்குல நாளைக் கணக்கா எழுத வேணாம், திகதியப் போட்டுத் தரச் சொல்லு" என்றார். பேரைப் பற்றி அன்றைக்கு ஒன்றும் பேசவில்லை.

வட்டி சம்பந்தப்படுமோ என்று வங்கி உத்தரவாதம் எடுக்கத் தயங்கும் சகோதரர்களும் இருக்கிறார்கள். 2011 இல் அமானா வங்கி ஆரம்பிக்கப்பட்ட பிறகும், வேறு வங்கிகளில் இஸ்லாமிய வங்கிப் பிரிவுகள் திறக்கப்பட்ட பிறகும் அது பெரிய தடையல்ல. 'கஃபாலா' அடிப்படையில் உத்தரவாதம் கேட்டுப் பெறலாம். சிறிய பெறுகைகளில் வங்கி உத்தரவாதத்துக்குப் பதிலாக விலைமனுப் பிணைப் பிரகடனம் ஒன்றில் கையொப்பமிட்டால் போதும் என்று பத்திரத்திலேயே சொல்லியிருப்பதும் உண்டு. பணம் கட்டத் தேவையில்லையே என்று அதை இலேசாக எண்ணக்கூடாது. டெண்டர் கிடைத்த பின் பின்வாங்கினால், குறித்த காலத்துக்கு அரசாங்க விலைமனுக்களில் பங்குபற்ற முடியாமற் போகும்.

இனி இரண்டாவது கதவு. இணக்கமானவை என்று தெரிவானவற்றின் விலைகளை எடுத்துக் குழு கணக்குப் பார்க்கும். முதலில் எண்கணிதத் திருத்தம். ஓர் உதாரணம் சொல்கிறேன். ஒன்றின் விலை 1,250 ரூபா, தேவை 400 என்று எழுதிவிட்டு மொத்தத்தில் 4,50,000 என்று போட்டிருக்கிறீர்கள். சரியான மொத்தம் 5,00,000. எது நிற்கும்? தசமப்புள்ளி இடம் மாறியது போன்ற வெளிப்படையான தவறு இல்லாவிட்டால் அலகு விலைதான் நிற்கும். திறப்பில் நாலரை இலட்சமாக வாசிக்கப்பட்ட உங்கள் விலை மதிப்பீட்டில் ஐந்து இலட்சமாகிவிடும். நாலே முக்கால் இலட்சம் போட்டவர் உங்களை முந்திவிடுவார். எழுத்தில் உள்ளதும் இலக்கத்தில் உள்ளதும் முரண்பட்டால் எழுத்தே செல்லும். உங்களுக்குத்தான் டெண்டர் என்ற நிலையில் இந்தத் திருத்தத்தை ஏற்க மறுத்தால் விலைமனு போவதோடு பிணையும் போகலாம்.

கழிவு விடயத்தில் புறக்கோட்டைப் பழக்கம் நம்மைக் கெடுக்கிறது. நமக்கு 'கடைசி விலை' என்பது பேசிப் பேசி வருவது. அரசாங்கப் பெறுகையில் உறைக்குள் இருப்பதே கடைசி விலை. உறை திறந்த பிறகு, "இன்னும் ஐந்து வீதம் குறைத்துத் தருகிறேன்" என்று கடிதம் கொடுத்தால் அதை யாரும் கணக்கில் எடுக்க மாட்டார்கள். எடுத்தால் அதுதான் முறைகேடு. கழிவு தருவதாயின் நிபந்தனையின்றி, விலைமனுப் படிவத்திலேயே எழுதி, திறப்பில் வாசிக்கப்படுகிறதா என்று காது கொடுத்துக் கேளுங்கள். வாசிக்காவிட்டால் அந்த இடத்திலேயே எழுந்து சொல்லுங்கள். அந்தக் கூட்டத்துக்கு ஆள் அனுப்புவது இதற்காகத்தான், வெற்றிச் செய்தி சொல்வதற்கல்ல.

வற் வரியைத் தனியாகக் காட்டும்படி பத்திரங்கள் கேட்பது வழக்கம். அப்படியிருக்க எல்லாவற்றையும் ஒரே தொகையாகப் போட்டால் உங்கள் விலைதான் ஊதித் தெரியும். விநியோகக் காலம் பிந்தினால் வாரத்துக்கு இத்தனை வீதம் கூட்டிக் கணக்கிடப்படும் என்று எழுதியிருந்தால் அதையும் சேர்த்துப் பார்ப்பார்கள். நிர்மாண வேலைகளில் நம்ப முடியாத அளவு குறைந்த விலை போட்டால், அந்த விலைக்கு எப்படிச் செய்வீர்கள் என்று விலைப் பகுப்பாய்வு கேட்பார்கள்.

இதுவரை சொன்னது வியாபாரியின் தவறுகள். அரசாங்கத்தின் தவறு எங்கே இருக்கிறது என்பதையும் பார்க்க வேண்டாமா?

ஒரு வலயக் கல்வி அலுவலகத்துக்குப் போட்டோகொப்பி இயந்திரம் ஒன்று தேவை என்று வைத்துக்கொள்வோம். மூன்று பேர் விலை தருகிறார்கள். முதலாமவர் 2,85,000 ரூபா, இரண்டாமவர் 3,10,000, மூன்றாமவர் 3,45,000. மூன்றும் கேட்கப்பட்ட தரத்துக்கு உட்பட்டவையே. ஆகக்குறைந்தது முதலாமவரது. ஆனால் அந்த அலுவலகத்தில் மாதம் 10,000 பிரதிகள் எடுக்கிறார்கள். ஐந்து வருடத்துக்கு 6 இலட்சம் பிரதிகள். டோனரும் உதிரிப்பாகமும் சேர்த்து ஒரு பிரதிக்கு முதல் இயந்திரத்தில் 2 ரூபா 10 சதம், இரண்டாவதில் 1 ரூபா 80 சதம், மூன்றாவதில் 1 ரூபா 40 சதம் என்று கொள்வோம். ஐந்து வருடச் செலவு முறையே 12,60,000, 10,80,000, 8,40,000. இயந்திர விலையையும் கூட்டினால் முதலாவது 15,45,000, இரண்டாவது 13,90,000, மூன்றாவது 11,85,000. வாங்கும்போது 60 ஆயிரம் மிச்சம் பிடித்து, பாவிக்கும்போது 4 இலட்சத்து 20 ஆயிரம் கூடுதலாகச் செலவழிக்கிறது அரசாங்கம். தொகைகள் எனது உதாரணம்தான். ஆனால் அலுவலக உபகரணம் விற்கும் எவரிடம் கேட்டாலும் இந்தக் கதையைச் சொல்வார்.

இதற்கு வழி இல்லாமல் இல்லை. பாவனைச் செலவையும் சேர்த்து மதிப்பிடுவோம், மாதம் இத்தனை பிரதி, இத்தனை வருடம் என்று பத்திரத்தில் முன்கூட்டியே எழுதிவைத்தால் மூன்றாவது இயந்திரத்தையே 'ஆகக்குறைந்தது' என்று தெரிவு செய்யலாம். எழுதாவிட்டால், மூன்றாவதுதான் நல்லது என்று குழுவில் உள்ள அத்தனை பேருக்கும் தெரிந்திருந்தாலும் முதலாவதைத்தான் எடுக்க வேண்டும். இல்லையேல் 2,85,000 போட்டவருக்கு அநியாயம். பெரும்பாலான சிறு பெறுகைகளில் இதை எழுதுவதில்லை. சென்ற முறைப் பத்திரத்தில் திகதியை மட்டும் மாற்றி வெளியிடுகிறார்கள். இன்னொரு காரணமும் உண்டு. ஆகக்குறைந்த விலைக்குக் கொடுத்த அதிகாரியைக் கணக்காய்வு கேள்வி கேட்பது அபூர்வம். கூடிய விலைக்குக் கொடுத்தவர் நல்லெண்ணத்தோடு கொடுத்திருந்தாலும் ஓய்வு பெறும் வரை பதில் எழுதிக்கொண்டிருக்க வேண்டும். அந்தப் பயம் நியாயமானதுதான். விலை கொடுப்பது பொதுமக்கள்.

வெளிநாடுகளில் இந்தச் சிந்தனை மாறி வருகிறது. ஐரோப்பிய ஒன்றியத்தின் 2014 ஆம் ஆண்டுப் பணிப்புரை, விலையை மட்டுமன்றிப் பொருளின் ஆயுட்காலச் செலவையும் தரத்தையும் பார்த்து, பொருளாதார ரீதியில் மிக அனுகூலமானதைத் தெரிவு செய்யச் சொல்கிறது. பிரித்தானியா 2023 ஆம் ஆண்டு புதிய பெறுகைச் சட்டத்தில், 2025 பெப்ரவரியில் நடைமுறைக்கு வந்தபடி, 'பொருளாதார ரீதியில்' என்ற சொல்லையே எடுத்துவிட்டு 'மிக அனுகூலமான' விலைமனு என்று மட்டும் வைத்திருக்கிறது. இந்தியாவில் 2021 ஒக்டோபரில் நிதியமைச்சு வெளியிட்ட அறிவுறுத்தல், தரத்துக்குப் புள்ளியிடும் முறையை நிர்மாண வேலைகள் சிலவற்றுக்கும் அனுமதித்தது. ஆனால் தரத்துக்கு 30 வீதத்துக்கு மேல் போகக்கூடாது என்று கடிவாளமும் போட்டது.

நமது நாட்டிலும் ஆலோசனைச் சேவைகளுக்கு இந்தப் புள்ளி முறை இருக்கிறது. தரத்துக்கு 80, விலைக்கு 20 என்று வைத்துக்கொண்டால், தரத்தில் 90 புள்ளி பெற்று 10 இலட்சம் கேட்பவர், தரத்தில் 75 புள்ளி பெற்று 7 இலட்சம் கேட்பவரை வென்றுவிடுவார். முன்னவருக்கு மொத்தம் 86, பின்னவருக்கு 80. இதை மற்றப் பெறுகைகளுக்கும் விரிக்க வேண்டும் என்று படித்தவர்கள் சொல்கிறார்கள். எனக்கு அரை மனம்தான். புள்ளி போடுபவரின் பேனை எந்தப் பக்கம் சாயும் என்று தெரியாத நாட்டில், கூட்டிக் கழித்துப் பார்க்கக்கூடிய பாவனைச் செலவுக் கணக்கு பாதுகாப்பானது. அதை யாரும் வீட்டிலிருந்தே சரிபார்க்கலாம்.

வியாபாரிக்கு இதில் செய்வதற்கு ஒன்றும் இல்லையா என்றால், இருக்கிறது. விலைமனு மூடப்படுவதற்கு முன் எழுத்தில் கேள்வி கேட்க எவருக்கும் உரிமை உண்டு. பதிலைப் பத்திரம் வாங்கிய எல்லோருக்கும் அனுப்ப வேண்டும். 'பாவனைச் செலவு கணக்கில் எடுக்கப்படுமா?' என்று ஒருவர் கேட்டாலே சில வேளை பத்திரம் திருத்தப்படும். ஒரு குறித்த வர்த்தகப் பெயரைப் போட்டு விவரக்குறிப்பு எழுதியிருந்தால், 'அல்லது அதற்குச் சமமானது' என்று சேர்க்கும்படி கேட்கலாம். 2006 வழிகாட்டல்களின்படி தேசிய போட்டி விலைமனுக்கு ஆகக்குறைந்தது 21 நாள் கொடுக்க வேண்டியிருந்தது. அவ்வளவு நாள் கிடைத்தும் முதல் இரண்டு வாரமும் பத்திரத்தைப் பிரிக்காமல் வைத்துவிட்டு, முடிந்த பின் 'அந்தக் கம்பனிக்கென்றே எழுதின டெண்டர்' என்று புலம்புகிறோம். முடிந்த பின் அதைச் சொல்வதில் பயனில்லை.

சங்கடமான ஒரு விடயத்தையும் சொல்லியாக வேண்டும். சிறிய கொள்வனவுகளுக்குப் பகிரங்க விளம்பரம் இல்லை. குறைந்தது மூன்று கடைகளில் விலைக்கோரல் வாங்கினால் போதும். பாடசாலைக்குத் தளபாடம், அலுவலகத்துக்குக் காகிதாதிகள், ஆஸ்பத்திரிக்குப் பெயின்ட் என்று நமது வாசகர்கள் பலருக்குக் கிடைப்பது இந்த வியாபாரம்தான். இங்கே நடப்பது எல்லோருக்கும் தெரியும். "நானா, மற்ற ரெண்டு கொட்டேஷனையும் நீங்களே கொண்டு வாங்க" என்று அலுவலகத்தில் சொல்வார்கள். நானாவும் மச்சானின் கடைக் கடிதத் தாளில் ஒன்று, பக்கத்துக் கடைக்காரரின் தாளில் ஒன்று என்று கூடிய விலையில் அடித்து மூன்றையும் ஒரே கவரில் கொடுப்பார். இதில் யாருக்கு என்ன நட்டம் என்று கேட்பார்கள்.

வாங்கும் எண்ணமில்லாமல் பிறரை ஏமாற்ற விலையை ஏற்றிக் கேட்பதை 'நஜ்ஷ்' என்று நபி (ஸல்) அவர்கள் தடுத்திருக்கிறார்கள் என்பது மதரஸாப் பிள்ளைக்கும் தெரியும். விற்கும் எண்ணமில்லாமல் விலை எழுதிக் கொடுப்பது அதிலிருந்து எவ்வளவு தூரம்? உலமாக்களிடம் கேட்டுப் பாருங்கள். சட்டப்படி பார்த்தாலும் விளையாட்டல்ல. டெண்டரை வாபஸ் வாங்குவதற்காகப் பணம் கொடுப்பதும் வாங்குவதும் பழைய இலஞ்சச் சட்டத்திலேயே குற்றம். 2023 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்க ஊழல் எதிர்ப்புச் சட்டமும் அதை விட்டுவைக்கவில்லை. 'நீங்க இந்த முறை விடுங்க, அடுத்த முறை உங்களுக்கு' என்று தேநீர்க் கடையில் பேசி முடிப்பவர்கள் இதை யோசிக்க வேண்டும். இந்த ஏற்பாட்டில் அடிபடுவது மச்சானும் கடிதத் தாளும் இல்லாத புதிய வியாபாரி. பல்கலைக்கழகம் முடித்துவிட்டுச் சொந்தமாகக் கடை போடும் நமது பிள்ளைகள் அரசாங்க வியாபாரத்துக்குள் நுழைய முடியாமலிருப்பதற்கு நாமே ஒரு காரணம்.

விலை போடும்போது கணக்கில் எடுக்க மறக்கும் இன்னொன்று, காசு வரும் நாள். 2022 நெருக்கடியின்போது அரசாங்கத்திடமிருந்து வரவேண்டிய பணம் மாதக்கணக்கில் வராமல் ஒப்பந்தக்காரர்கள் எத்தனை பேர் தளபாடத்தையும் வாகனத்தையும் விற்றார்கள் என்பது மறக்கக்கூடியதல்ல. 30 நாளில் தருவோம் என்று பத்திரம் சொன்னாலும், 90 நாள் தாக்குப்பிடிக்க முடியுமா என்று கேட்டுக்கொண்டே விலை எழுத வேண்டும். பிறகு கிடைக்கப்போகும் பணத்துக்காக விலையை ஒப்பந்தத்தின்போதே கூட்டி நிர்ணயிப்பதைப் பெரும்பாலான உலமாக்கள் அனுமதிக்கிறார்கள். தாமதத்துக்குப் பின்னர் வட்டி கேட்பதுதான் கூடாதது. ஆனால் 'எனக்குப் பாதி முற்பணம் வேண்டும்' என்று விலைமனுவில் நீங்களாக ஒரு நிபந்தனையை எழுதிவிடாதீர்கள். பத்திரத்தில் இல்லாத கொடுப்பனவு நிபந்தனையை வைத்தாலே முதற் கதவில் நிறுத்திவிடலாம்.

எல்லாம் சரியாகச் செய்தும் கிடைக்கவில்லை என்றால்? ஹாஜியாரைப் போல எழுத்தில் காரணம் கேளுங்கள். நியம விலைமனுப் பத்திரங்களில், தெரிவாகாதவர் எழுத்தில் கேட்டால் காரணம் சொல்ல வேண்டும் என்றே இருக்கிறது. பதில் வராவிட்டால் 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்க தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் விண்ணப்பியுங்கள். தகவல் உத்தியோகத்தர் 14 வேலை நாட்களுக்குள் தருவதா இல்லையா என்று தீர்மானித்தாக வேண்டும். மற்றவரின் வியாபார இரகசியத்தைத் தரமாட்டார்கள். உங்கள் விலைமனு எந்தக் காரணத்துக்காகத் தள்ளப்பட்டது என்பது இரகசியமல்ல. மேன்முறையீட்டுக்கு வழி இருக்கும் பெறுகையாயின் அதற்கான நாளெல்லையைப் பத்திரத்தில் பார்த்துக்கொள்ளுங்கள், அது கதைத்துக்கொண்டிருக்கும்போதே கடந்துவிடும்.

சில கடிதங்களுக்கு வரும் பதில் ஹாஜியாருக்கு வந்தது போலத் தெளிவாக இராது. பத்திரத்தில் இல்லாத காரணம் ஒன்றைச் சொல்வார்கள், அல்லது ஒன்றுமே சொல்லமாட்டார்கள். அப்போது உங்கள் சந்தேகத்துக்குக் கையில் ஒரு தாள் இருக்கும். கணக்காய்வாளர் நாயகத்துக்கும், இலஞ்ச ஊழல் ஆணைக்குழுவுக்கும், பாராளுமன்றக் குழுக்களுக்கும் அனுப்பக்கூடியது அந்தத் தாள்தான். கடையில் இருந்து பேசியதை எங்கும் அனுப்ப முடியாது.

ஹாஜியார் கட்டிய முற்பணத்துக்கு வந்த குழாய்கள் இன்னும் களஞ்சியத்தில் பாதி கிடக்கின்றன. சென்ற வாரம் போனபோது மகன் மேசையில் இன்னொரு சபையின் விலைமனுப் பத்திரத்தை விரித்து வைத்துக்கொண்டு, பிணைப் பக்கத்தில் பென்சிலால் ஒரு திகதியைச் சுற்றி வட்டம் போட்டிருந்தான். மூடுவதற்கு இன்னும் 16 நாள் இருந்தது.